ஆறு கிண்ணம், மூன்று சாவு

அத்தியாயம் 7

வண்டியின் முன்பெட்டிக்குள் ஒரு கடிதம் கிடந்தது. ஒன்பது நாளாகக் கிடந்தது.

அதை அங்கே போட்டவன் காஸ்மோ. உறையின் மேல் எழுதியிருந்ததோ அவன் முதலாளி நோரீன் ஹேடோவின் பெயர். அனுப்பியவன் லாக்லன் ரீவ், லான்செஸ்டனில் துப்பறியும் தொழில் செய்பவன். ஆளும் சரி, சட்டையும் சரி, பேச்சும் சரி, இஸ்திரி போட்ட மாதிரி இருப்பான். போன மாதம் ஒரு வழக்கில் அவனைப் பார்த்து நோரீன், "மூளைக்காரன்" என்று சொல்லிவிட்டாள். ஏழு வருஷம் கூடவே அலைந்த காஸ்மோவுக்கு அந்த வார்த்தை ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை.

கூட்டுச் சேரலாமா என்றுதான் எழுதியிருப்பான். காஸ்மோ உறையைப் பிரிக்கவில்லை. பிரித்தால் திருட்டு, பிரிக்காமல் வைத்திருந்தால் மறதி. மறதிக்கு யாரும் தண்டனை கொடுப்பதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"பெட்டியவே மொறச்சுப் பாத்துக்கிட்டு இருக்க? காபிய எடு, இறங்கு," என்றாள் நோரீன்.

ஹோபார்ட் நகரத்து மலை அன்றைக்கு இடுப்பு வரைக்கும் பனி கட்டியிருந்தது. டெர்வென்ட் ஆற்றிலிருந்து வந்த காற்று காதைத் திருகியது. ஐம்பத்தெட்டு வயது நோரீன், கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஆய்வகத்தின் படியேறினாள். இருபத்தாறு வருஷம் போலீசில் இருந்தவள், இப்போது தனியாகத் துப்பறிபவள். முழங்கால் இரண்டும் புகார் சொன்னாலும் அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"நாலு மணிக்குக் கூட்டம்," என்றாள். "இப்ப பதினொண்ணு. ஆய்வக டைரக்டர் காலையில மறுபடியும் போன் பண்ணிட்டார்."

"என்னவாம்?"

"குத்தவாளி யாருன்னு அவருக்குத் தெரியுமாம். ஆதாரம் மட்டும் நாம கொண்டு வரணுமாம்."

"நல்லதாப் போச்சு பாஸ். பாதி வேலைய அவரே முடிச்சுட்டார். மீதிப் பாதி தப்பா இருந்தா அது நம்ம தலையில."

வழக்கு இதுதான். இந்த ஆய்வகத்தின் இன்கிரிட் சாலிஸ் பல வருஷமாக ஒரு புரதத்தைத் துரத்திக்கொண்டிருந்தாள். புற்றுக்கட்டியின் செல்லுக்குள் உட்கார்ந்துகொண்டு, 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் விரட்டுகிற புரதம். ஆய்வகத்தில் அதற்கு 'டிரைவர்' என்று செல்லப்பெயர். அந்த டிரைவரின் கையைக் கட்டிப்போட ஒரு மருந்தையும் இன்கிரிட் உருவாக்கினாள். பிப்ரவரியில் மருந்து பட்ட செல்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. ஆய்வகமே கேக் வெட்டியது. மார்ச்சிலிருந்து ஐந்து சுற்று சோதனை. ஐந்தும் குழப்பம். குழப்பமான மருந்தை எந்தக் குழுவும் நோயாளிக்குக் கொடுக்க விடாது. இன்று நாலு மணிக்கு அந்த மருந்தைக் கிடப்பில் போட்டுவிடுவார்கள்.

டைரக்டரின் சந்தேகம் ஹெஸ்டர் குவேல் மேல். டாக்டர்; காலையில் ஆய்வகம், மதியம் மருத்துவமனை. இரண்டு வருஷத்துக்கு முன் குழுத் தலைமை அவளைத் தாண்டி இன்கிரிட்டுக்குப் போனது. அதிலிருந்து இரண்டு பேருக்கும் முகம் பார்த்துப் பேச்சில்லை. பொறாமையில் சோதனையைக் கெடுக்கிறாள் என்பது டைரக்டரின் முடிவு. நாலு மணிக்கு மருந்தோடு சேர்த்து அவளையும் வெளியே அனுப்பப் போகிறார்.

வழியில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து நோரீன் முடிவுத் தாளை விரித்தாள்.

"ஒவ்வொரு சுத்துலயும் ஆறு கிண்ணம். மூணுல மருந்து, மூணுல வெறும் உப்புத் தண்ணி. எது எதுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியாது. நம்பர் மட்டும்தான். முதல் சுத்துல எத்தனை கிண்ணம் செத்துச்சு?"

காஸ்மோ விரல் வைத்து எண்ணினான். "மருந்துல ரெண்டு, உப்புத் தண்ணியில ஒண்ணு. மொத்தம் மூணு."

"ரெண்டாவது?"

"அதே மாதிரி. மூணு."

"மூணாவது?"

"மூணு. நாலாவதும் மூணு. அஞ்சாவதும் மூணு. என்ன பாஸ், வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கறீங்களா?"

"மருந்து சரியில்லைன்னா ஒரு தடவ ரெண்டு சாகும், ஒரு தடவ ஒண்ணுமே சாகாது. உப்புத் தண்ணி எதுக்குடா கொல்லுது? அதுவும் தவறாம ஒண்ணே ஒண்ணு?"

"எங்க அத்தை சமையல்கூட இவ்வளவு ஒழுங்கா சொதப்பாது," என்று சொல்லிக்கொண்டே காஸ்மோ காபியை ஒரு மடக்குக் குடித்தான். குடித்த வேகத்தில் முகம் கோணியது. "தூ! சர்க்கரையே இல்ல. பாலைக் கொட்டி வெச்சிருக்கா."

நோரீன் தன் கோப்பையை வாயில் வைத்துவிட்டு அவனை முறைத்தாள். "இது காபியா, பாகா?"

இரண்டு பேரும் கோப்பைகளைப் பார்த்தார்கள். காபிக்கடைக்காரி வழக்கம்போல மூடியின் மேல்தான் பெயர் கிறுக்கியிருந்தாள். காஸ்மோ கையில் இருந்த மூடியில் 'காஸ்மோ' என்றே இருந்தது.

"சர்க்கரை போட ரெண்டு மூடியவும் எடுத்தேன்..." என்றான் காஸ்மோ மெதுவாக. "திருப்பிப் போடும்போது..."

"மூடி," என்றாள் நோரீன்.

"காபி சரியான காபிதான் பாஸ். பேர்தான் எடம் மாறிடுச்சு. அந்தக் கிண்ணத்துல நம்பர் எங்க இருக்கும்?"

நோரீன் ஏற்கெனவே எழுந்து நடந்துகொண்டிருந்தாள்.

*

தேநீர் அறையில் கிளைவ் பர்ஜின் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தார். கிண்ணங்களை அடுக்கி, மருந்தோ உப்புத் தண்ணியோ ஊற்றி, நம்பர் ஒட்டுபவர் அவர்தான். முப்பது வருஷ சர்வீஸ்.

"நம்பரா? மூடியில ஒட்டறோம் மேட்," என்றார். யாரைப் பார்த்தாலும் அவருக்கு 'மேட்'தான், நண்பா என்கிற மாதிரி.

"எப்பவுமே மூடியிலயா?"

கிளைவ் சிரித்துவிட்டு, குளிர்பெட்டிக் கதவைக் காட்டினார். அங்கே ஒரு நீளத் தாள். தலைப்பில் பெரிய எழுத்தில்: 'மூடியில் எழுதினவர் புதன்கிழமை கேக் வாங்கி வர வேண்டும்.' கீழே பெயர்கள், தேதிகள். கிளைவின் பெயர் மூன்று முறை. ஒரு மாதம் தங்கிப் போன ஸ்வீடன்காரர் பெயர் ஐந்து முறை.

"மூடி கழண்டு மாறிப் போகும். கிண்ணத்தோட அடி எங்க போகும்? இந்த வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லித் தர்ற பாடம் அது. இன்கிரிட் போட்ட சட்டம். அவங்க கண்ணுல மூடி எழுத்து பட்டுச்சுன்னா கேக்தான். கருணையே கிடையாது."

"கடைசிப் பேர் பிப்ரவரி இருபது," என்றான் காஸ்மோ. "அதுக்கப்புறம் எல்லாரும் டயட்டா?"

"மார்ச்சுல ஊத்துற மேடைக்கு மேல ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சு மேட். 'காமிரா கீழேயிருந்து பார்க்கிறது, நம்பரை மூடியில் மட்டும் ஒட்டவும்'னு. டைப் அடிச்சது, கையெழுத்து இல்ல. காமிரா ஹெஸ்டர் பொறுப்பு. அவங்கதான் ஒட்டியிருப்பாங்கன்னு நெனச்சோம்."

அப்போது கதவு திறந்தது. ஒல்லியான ஒரு பெண்மணி, நரைத்த முடியைப் பென்சிலால் கொண்டையில் குத்தியிருந்தவள், நேராகக் குளிர்பெட்டியைத் திறந்தாள். இன்கிரிட் சாலிஸ்.

"பன்னெண்டு வருஷ உழைப்பு இப்படி ஆச்சேன்னு எங்களுக்கும் கஷ்டமா இருக்கு," என்றான் காஸ்மோ, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"பதினொண்ணே முக்கால்," என்றாள் இன்கிரிட் திரும்பாமலே.

"ரெண்டு நிமிஷம் பேசலாமா?" என்றாள் நோரீன்.

"நீங்க கேக்கற கேள்விக்கு ரெண்டு நிமிஷம் பத்தாது, பதினஞ்சு ஆகும். மூணு இருபதுக்கு என் ரூமுக்கு வாங்க."

சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிப் பிடித்து, அடியைப் பார்த்து, தன்னுடையதுதான் என்று உறுதி செய்துகொண்டு போய்விட்டாள். டப்பாவின் அடியில் அவள் பெயர் கறுப்பு மையில் இருந்ததைக் காஸ்மோ பார்த்தான். மூடி வெறுமையாக இருந்தது.

கிளைவ் டீயைக் கீழே வைத்தார். காது சிவந்திருந்தது. "ஒண்ணு சொல்லணும். கேக் வாங்க வெச்சுடாதீங்க."

"சொல்லுங்க."

"முப்பது வருஷக் கை மேட். அடியில எழுதாமக் கிண்ணத்தைக் கீழ வெச்சா எனக்கு அன்னிக்குத் தூக்கம் வராது. சீட்டுல வேண்டாம்னு போட்டிருந்துச்சு. அதனால ஊசியால, அடியில ஓரமா, அதே நம்பரை... எறும்பு சைசுல... கீறி வெச்சேன். யாருக்கும் தெரியாது."

"அந்தக் கிண்ணம் எல்லாம் எங்க?"

"எரிச்சாச்சு. சோதனை முடிஞ்சதும் எரிச்சுடுவோம்."

நோரீனின் முகம் தொங்கியது. காஸ்மோவின் முகம் மலர்ந்தது.

"பாஸ், காமிரா எங்கேர்ந்து பாக்குது?"

"கீழேயிருந்து," என்றார் கிளைவ்.

"மேட்," என்றான் காஸ்மோ, "உங்களுக்கு நான் கேக் வாங்கித் தரேன். ரெண்டடுக்கு."

*

காமிரா அறையில் ஹெஸ்டர் குவேல் தன் சாமான்களை ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு என்ன நடக்கும் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

"பொறாமையான்னுதானே கேக்க வந்தீங்க?" என்றாள் அவளே. "ஆமா, பொறாமைதான். அவ பேரை மைக்குல கூப்பிடும்போதெல்லாம் வயிறு எரிஞ்சிருக்கு. அவ பேசுற கூட்டத்துல கடைசி வரிசையில உக்காந்து, எங்கயாவது தப்பு விடமாட்டாளான்னு பாத்திருக்கேன். போதுமா? ஆனா அந்த மருந்துக்காக என்கிட்ட பதினோரு பேர் காத்துக்கிட்டிருக்காங்க. வேற மருந்து எல்லாம் குடுத்துப் பாத்தாச்சு. என் எரிச்சலுக்காக அவங்க மருந்தை நான் கெடுப்பேனா?"

"சீட்டு ஒட்டினது நீங்களா?"

"எந்தச் சீட்டு? நம்பர் மூடிக்குப் போனது இன்கிரிட் உத்தரவுன்னு நெனச்சேன். அவளைக் கேக்காம இங்க ஒரு மூடி நகருமா?"

சொன்னவள் அதைச் சொன்ன பிறகுதான் யோசித்தாள். நோரீன் அவளை யோசிக்க விடவில்லை. "படத்தை எல்லாம் திறங்க. நடுவுல பாக்காதீங்க. ஓரத்தைப் பாருங்க."

முப்பது படம். எல்லோரும் எப்போதும் செல் இருக்கும் நடுப்பகுதியை மட்டும்தான் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். ஹெஸ்டர் இரண்டாவது சுற்றின் படமொன்றை ஓரத்துக்கு நகர்த்தினாள். மூடி நம்பரை வைத்துப் படத்துக்கு இட்டிருந்த பெயர் மூன்று. ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி கீறியிருந்ததோ ஐந்து. ஐந்து என்று பெயரிட்ட படத்தைத் திறந்தாள். ஓரத்தில் மூன்று.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு ஜோடி மாறியிருந்தது. சாகத் தொடங்கிய கிண்ணம் ஒன்று, நன்றாக இருந்த கிண்ணம் ஒன்று. கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்து மாற்றியிருக்கிறார்கள்.

"சரியான நம்பர்படி எண்ணுங்க," என்றாள் நோரீன்.

ஹெஸ்டர் எண்ணினாள். மருந்து ஊற்றிய கிண்ணம் பதினைந்து. செத்தது பதினைந்து. உப்புத் தண்ணிக் கிண்ணத்தில் ஒன்றுகூடச் சாகவில்லை. அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "வேலை செய்யுது," என்றாள். "முதல் நாள்லேர்ந்தே வேலை செய்யுது."

"இப்ப கேள்வி," என்றாள் நோரீன். "மருந்து ஜெயிக்கக் கூடாதுன்னு யாருக்கு ஆசை? டைரக்டர் சொல்ற மாதிரிப் பாத்தா, எதிரிக்கு. ஆனா மூடி மேல எழுத்தைக் கண்டா கேக் கேக்கற அம்மா, தன்னோட சொந்தக் கிண்ணத்துல மூணு மாசமா மூடி நம்பரைப் பாத்துட்டு வாயைத் திறக்கல. ஏன்? தன் சோத்து டப்பாவுக்கு அடியில பேர் எழுதறவங்க."

"இன்கிரிட்டா?" ஹெஸ்டர் தலையை ஆட்டினாள். "பைத்தியமா? அது அவ உயிரு. தன் மருந்தைத் தானே யாராவது தோக்கடிப்பாங்களா?"

காஸ்மோ திரையிலிருந்து கண்ணை எடுத்தான்.

"தோக்கடிப்பாங்க," என்றான். "தன்னோடது இன்னொருத்தர் கையில போய் மினுங்கப் போகுதுன்னு தெரிஞ்சா. மினுங்க வேண்டாம், மங்கலாவே நம்மகிட்டயே கெடக்கட்டும்னு தோணும். கெடுக்கறோம்னுகூடத் தோணாது. கொஞ்சம் தள்ளிப் போடறோம், அவ்வளவுதான்னு தோணும்."

நோரீன் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"கேள்விப்பட்டேன் பாஸ்."

*

மூன்று இருபதுக்கு இன்கிரிட்டின் அறை. மேஜை மேல் எல்லாம் மூலை மட்டம் பார்த்து அடுக்கியிருந்தது. சுவரில் அந்தப் புரதத்தின் படம், கசக்கிய ரிப்பன் மாதிரி, சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். வேறு யாருடைய படமும் அறையில் இல்லை.

"இதுதான் அந்த டிரைவரா?" என்றான் காஸ்மோ. "நம்ம ஜாதி. லைசென்ஸ் புடுங்கினீங்களாமே."

இன்கிரிட் சிரிக்கவில்லை.

"கண்டுபிடிச்சுட்டோம்," என்றாள் நோரீன், குறிப்பேட்டைப் புரட்டியபடி. குரல் களைத்துப் போன போலீஸ்காரியின் குரலாக இருந்தது. "கிண்ணத்து மூடிய மாத்தியிருக்காங்க. சுத்துக்கு ஒரு ஜோடி. ஹெஸ்டர் வெளிய நிக்கறாங்க. டைரக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு தடவ படிச்சுக் காட்டிடறேன். முதல் சுத்து, ஒண்ணும் நாலும்."

இன்கிரிட் தலையாட்டினாள். தோள் கொஞ்சம் இறங்கியது. வெளியே நிற்பது ஹெஸ்டர் என்று கேட்டதில் வந்த நிம்மதி.

"ரெண்டாவது சுத்து, ரெண்டும் ஆறும்."

"மூணும் அஞ்சும்," என்றாள் இன்கிரிட்.

நோரீன் குறிப்பேட்டை மெதுவாக மூடினாள்.

"மூணும் அஞ்சும்தான். தப்பாப் படிச்சுட்டேன். வேணும்னே. படத்தைப் பாத்தது நாங்க மூணு பேர். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தப்பான எண்ணைத் திருத்தாமல் விட இன்கிரிட்டுக்கு வராது. பதினொன்றே முக்கால் வருஷம் அவளை அந்த மருந்து வரைக்கும் கொண்டுவந்ததும் அதே பழக்கம்தான். அவள் மறுக்கவில்லை. மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, ஒரு கடிதத்தை எடுத்து, மேஜை விளிம்புக்கு மட்டமாக வைத்தாள். தேதி மார்ச் இரண்டு.

நோயாளிகளிடம் மருந்தைச் சோதிக்க அனுமதிக்கும் குழுவிடமிருந்து வந்தது. முடிவுகள் நன்றாக இருந்தால் அடுத்த கட்டத்தை ஒரு மருத்துவர்தான் நடத்த வேண்டும்; டாக்டர் ஹெஸ்டர் குவேல் பொருத்தமானவர் என்று கருதுகிறோம்; அவருக்கும் டைரக்டருக்கும் தெரிவித்துவிடவும். அவ்வளவுதான்.

"தெரிவிக்கல," என்றாள் நோரீன்.

"நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..." இன்கிரிட் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துப் பேசினாள். "எல்லாரும் கைவிட்ட புரதம் அது. இது டிரைவரே இல்ல, எதையும் ஓட்டலன்னு சிரிச்சாங்க. நான் மட்டும்தான் கூடவே இருந்தேன். ஜெயிச்ச அன்னிக்கு, அவகிட்ட குடுத்துட்டுக் கைகழுவிக்கோன்னு எழுதறாங்க. ஹெஸ்டர்கிட்ட! தோத்துக்கிட்டிருந்தா என்கிட்டயே இருக்கும். பொய் எதுவும் எழுதல. சீட்டு ஒட்டினேன், மூடியை நகர்த்தினேன், அவ்வளவுதான். கொஞ்ச நாள்தான். அப்புறம் சரி பண்ணிடலாம்னு..."

கதவு திறந்தே இருந்தது. ஹெஸ்டர் வாசலில் நின்றிருந்தாள். கத்துவாள் என்று காஸ்மோ எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை.

"இப்ப பதினோரு பேர் காத்துக்கிட்டிருக்காங்க," என்றாள். "மார்ச்சுல பதிமூணு பேர் இருந்தாங்க, இன்கிரிட்."

அந்த எண்ணில் திருத்த இன்கிரிட்டுக்கு எதுவும் இல்லை. கொண்டையிலிருந்து பென்சிலை உருவி மேஜை மேல் வைத்தாள். முடி சரிந்து முகத்தை மூடிக்கொண்டது.

*

நாலே முக்காலுக்கு டைரக்டர் போனில் பேசினார். மருந்து குழுவைத் தாண்டிவிட்டது. ஹெஸ்டரின் அட்டைப் பெட்டியைக் கிளைவ் தூக்கிக்கொண்டு போய் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். இன்கிரிட் அடையாள அட்டையைத் தானாகவே கழற்றிக் கொடுத்தாளாம். தனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது என்றும் டைரக்டர் சொன்னார்.

"சின்னதுன்னா கிளைவ் கீறின நம்பர் சைசுல இருந்திருக்கும்," என்றான் காஸ்மோ.

ஆனால் நகைச்சுவை ஒட்டவில்லை. அவனும் நோரீனும் வண்டியில் உட்கார்ந்திருந்தார்கள். பழைய யூட், முன்னால் இரண்டே இருக்கை, பின்னால் திறந்த தொட்டி. கையில் வாங்கி வைத்திருந்த ஸ்காலப் பை, சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட பண்டம், ஆறிக்கொண்டிருந்தது. பதிமூன்று, பதினொன்று என்று அவன் மனம் திரும்பத் திரும்ப எண்ணியது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்.

முன்பெட்டியைத் திறந்தான். உறையை எடுத்து நோரீனின் மடியில் போட்டான்.

"ரீவ்கிட்டேர்ந்து வந்தது. ஒம்பது நாள் ஆச்சு. மறந்துட்டேன்னு சொல்லலாம்னு இருந்தேன். மறக்கல. பிரிக்கவும் இல்ல. நீங்க அவன்கூடக் கூட்டுச் சேந்தாலும்... சரி பாஸ். அவன் மூளைக்காரன்தானே. வண்டி யாராவது ஓட்டணுமில்ல."

நோரீன் உறையைத் தொடவே இல்லை. "நீயே பிரி."

"உங்க பேர் போட்டிருக்கு."

"மேல என்ன பேர் போட்டிருக்குங்கறதை வெச்சு உள்ள என்ன இருக்குன்னு முடிவு பண்ணக் கூடாதுன்னு இன்னிக்குப் பூரா பாத்தியே. பிரி."

பிரித்தான். உள்ளே ரீவின் கடிதம் இல்லை. நோரீனின் குறிப்பேட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்று. அவளுடைய கோணல் கையெழுத்து.

'காஸ்மோ, நீ வாசலில் இதைச் சட்டைக்குள் செருகியதை ஜன்னலில் பார்த்தேன். அன்றிரவே முன்பெட்டியிலிருந்து எடுத்துப் படித்தாயிற்று; கெட்டில் ஆவியில் உறையைத் திறப்பது போலீசில் படித்தது. ரீவுக்குப் பதில் போட்டாகிவிட்டது: என் வண்டியில் இரண்டு இருக்கைதான், இரண்டிலும் ஆள் இருக்கிறது. நீ இதைக் கொண்டுவந்து கொடுக்கும் வரை நாளுக்கு ஒரு மார்க் கழிக்கிறேன்.'

காஸ்மோ இரண்டு தடவை படித்தான். மூன்றாவது தடவை எழுத்து சரியாகத் தெரியவில்லை. கண்ணாடியில் மழை என்று சொல்லலாம். மழை பெய்யவில்லை.

"மைனஸ் ஒம்பது," என்றாள் நோரீன், ஸ்காலப் பையை ஒரு வாய் கடித்தபடி. "இன்னிக்கு மூடிக்கு அஞ்சு. காமிராவுக்கு அஞ்சு. கூட்டிப் பாரு."

"பிளஸ் ஒண்ணு."

"அப்ப சரி, மூளைக்காரா."

காஸ்மோ சாவியைத் திருகப் போனவன் நின்றான். "என்ன சொன்னீங்க பாஸ்? காத்துல சரியாக் கேக்கல."

"வண்டிய எடுடா."